முழங்கால் உளைவுக்கு ஆறு துளி

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பெட்டிகளில் சொக்லேட்டோடு சின்னச் சின்னக் கபில நிறப் போத்தல்களும் வருகின்றன: லவண்டர், யூக்கலிப்டஸ், பெப்பர்மின்ற். மார்கழி வாடைக்காற்றில் முழங்கால் உளையத் தொடங்கியதும் அம்மம்மா அதையும் வழமையான தைலம் என்று நினைத்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கிறார். அடுத்த நாள் தோல் சிவந்து எரிகிறது. போத்தலில் இருப்பது பூவையும் இலையையும் வடித்தெடுத்த சாரம். அதை ஒருபோதும் தனியாகப் பூசக்கூடாது.

அளவு இதுதான்: இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெய்க்கு லவண்டர் 6 துளி. ஏறத்தாழ 1 வீதம் வரும். முதிர்ந்த, மெலிந்த தோலுக்கு அது போதும். நல்லெண்ணெயைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்துள் வைத்து இளஞ்சூடாக்கிய பிறகே துளிகளை விட வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் மணம் முழுவதும் ஆவியாகப் போய்விடும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். கடி, சிவப்பு இல்லையென்றால் முழங்காலுக்குப் போகலாம்.

தேய்ப்பதிலும் ஒரு முறை உண்டு. முழங்கால் சில்லை அழுத்த வேண்டாம். அதற்கு மேலேயுள்ள தொடைத்தசையைக் கீழிருந்து மேலாக, ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் மெதுவாக நீவுங்கள். மூட்டு வீங்கிச் சுட்டால் தொடவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். நீவி முடிந்ததும் துவாயால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், குறிப்பாக உள்ளங்காலை. வழுவழுப்பான சீமெந்து நிலத்தில் எண்ணெய்க் காலோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முழங்கால் உளைவு ஒரு பொருட்டே இல்லை.

வயது போகப் போக மூக்கின் கூர்மை குறையும். "மணக்கவில்லையே, இன்னும் கொஞ்சம் விடு" என்று அப்பா கேட்பார். விடாதீர்கள். மூக்குக்குத் தெரியாவிட்டாலும் தோல் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். கறுவா, கராம்பு எண்ணெய்கள் கிடைக்க எளிது என்பதற்காகச் சேர்க்கவும் வேண்டாம். இரண்டும் தோலை வெகுவாக எரிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் மருந்து எடுப்பவர்கள் விண்டர்கிரீன் எண்ணெயையும், மெதைல் சலிசிலேற் உள்ள பாம் வகைகளையும் வைத்தியரைக் கேட்காமல் பூசக்கூடாது. இரத்தம் மேலும் இளகிக் கசிவு வரலாம். தொய்வு உள்ளவருக்கு யூக்கலிப்டஸ் ஆவி பிடிப்பதே சிலவேளை மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும்.

இந்த எண்ணெய் மூட்டுத் தேய்வை மாற்றாது. வலியைச் சற்று நேரம் தணிக்கும், அவ்வளவுதான். அதிலும் பெரும்பங்கு நீவும் கையினுடையது என்றே நாங்கள் கருதுகிறோம். மறதி நோய்க்கு வாசனை உதவுமா என்று பார்த்த 2020ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வும் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது) நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை என்றே சொன்னது. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறுவது கூடவே கூடாது.

மனதுக்கு என்றால் போத்தல்கூடத் தேவையில்லை. லவண்டர் மணம் எங்கள் முதியவர்கள் பலருக்குச் சவர்க்கார மணம்தான். அவர்களுடைய பழைய நினைவு எதையும் அது தொடுவதில்லை. எந்த மணம் பிடிக்கும் என்று அவர்களையே கேளுங்கள். மல்லிகை, கசக்கிய தேசி இலை, துளசி, சந்தனம் என்று ஏதாவது சொல்வார்கள். பின்னேரத் தேநீருக்குப் பிறகு அதைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து கதையுங்கள். எண்ணெய்தான் வேண்டுமென்றால் பஞ்சில் ஒரு துளி, அரை மணித்தியாலம், யன்னல் திறந்திருக்க வேண்டும். சாம்பிராணிப் புகை இதற்கு மாற்று அல்ல. புகை நெஞ்சுக்குக் கூடாது. இரண்டு வாரமாகச் சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் எதிலும் பிடிப்பற்று இருப்பவருக்கு மணம் போதாது, வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

மறதி உள்ளவர் இருக்கும் வீட்டில் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். யூக்கலிப்டஸோ கற்பூர எண்ணெயோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்து, போத்தலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். எங்கள் வெக்கையில் திறந்த எண்ணெய் விரைவில் பழுதாகும். பழுதான லவண்டர் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்; மறதி உள்ளவர் வீடென்றால் அங்கேயும் பூட்டிய சிறு பெட்டிக்குள். நல்லெண்ணெயில் கலந்ததை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.