சிவப்புச் சுண்டெலியும் அதன் சாக்லேட் நிறச் சகோதரியும்

கண்காட்சிக்கென வளர்க்கப்படும் சுண்டெலிகளுள் சிவப்பு நிறத்தவற்றின் மீதுதான் எனக்குத் தீராத பற்று. வால்டர் மாக்ஸியின் முயற்சியால் 1895-இல் இங்கிலாந்தில் உருவான நேஷனல் மவுஸ் கிளப்பின் மேசைகளில், வெளியே பச்சையும் உள்ளே சிவப்பும் பூசிய மாக்ஸி பெட்டிகளிலிருந்து நடுவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, முதுகில் புகை படிந்தாற்போன்ற கருமை இல்லாமலும் வயிற்றுப் பக்கம் வெளிறிப் போகாமலும் ஒரே அடர்த்தியில் நிற்கும் சிவப்பு மிக அரிதாகவே கிடைக்கிறது.

இந்த அருமைக்குக் காரணம் மரபணுவில் இருக்கிறது. காட்டுச் சுண்டெலியின் ஒவ்வொரு மயிரும் கருமையாக வளர்ந்து, இடையில் சிறிது காலம் மஞ்சள் நிறமியைப் பெற்று, மீண்டும் கருமைக்குத் திரும்புகிறது. அந்த மாற்றத்தை நடத்துவது தோலில் குறித்த நேரத்தில் மட்டும் சுரக்கும் அகூட்டி என்னும் புரதம். சிவப்புச் சுண்டெலியில் அந்த மரபணுவுக்கு முன்னாலிருந்த ஒரு துண்டு அழிந்துவிட்டதால், அகூட்டி ஓய்வின்றி, அதுவும் உடல் முழுவதும் சுரக்கிறது. இப்படி மாறிய மரபணுவின் ஒரு பிரதி, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருந்தாலே நிறம் வந்துவிடும். இரு பிரதிகளைப் பெற்ற கருவோ கருப்பையில் பதியும் தறுவாயிலேயே இறந்துவிடும். பிரான்சின் நான்சி நகரில் ஆய்வு செய்த லூசியன் கேனோ, இதே மரபணுவைத் தாங்கிய மஞ்சள் சுண்டெலிகளுள், தன் நிறக் குட்டிகளை மட்டுமே ஈனும் தூய வழியுடையது ஒன்றுகூடத் தமக்குக் கிட்டவில்லை என்று 1905-இல் எழுதினார். இரு மஞ்சள்களைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் மஞ்சளும் மற்றவையும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்களான காஸிலும் லிட்டிலும் 1910-இல் உறுதிப்படுத்தினார்கள்.

புதிதாக வளர்க்க வருபவர்கள் இரண்டு சிவப்புகளைச் சேர்த்தால் சிவப்புக் குட்டிகள் பெருகும் என்று எண்ணுகிறார்கள். பன்னிரண்டு கருக்கள் உருவாவதாகக் கொள்வோம். சிவப்போடு சிவப்பைச் சேர்த்தால் சராசரியாக மூன்று இறந்து, ஆறு சிவப்பும் மூன்று வேறு நிறமும் பிறக்கும். சிவப்போடு சாக்லேட் நிறத்தைச் சேர்த்தால் பன்னிரண்டும் பிறந்து, அவற்றில் ஆறு சிவப்பாகவும் ஆறு அவற்றின் சாக்லேட் நிற உடன்பிறப்புகளாகவும் இருக்கும். சிவப்பின் எண்ணிக்கை மாறவே இல்லை; மூன்று உயிர்கள் வீணாகாமல் இருப்பதுதான் வேறுபாடு. அதனால் நான் எப்போதும் சாக்லேட் துணையையே தேர்ந்தெடுக்கிறேன். கருநிறமியைப் பழுப்பாக்கும் மரபணு இருபுறமிருந்தும் வருவதால், மீந்திருக்கும் புகைக் கருமையும் பழுப்பாகி அவ்வளவாகக் கண்ணை உறுத்துவதில்லை.

ஆனால் உண்மையான வேலை இதற்குப் பிறகே தொடங்குகிறது. சிவப்பின் ஆழத்தையும் தூய்மையையும் தீர்மானிப்பவை வேறு பல சிறு மரபணுக்கள், அவை சாக்லேட் சகோதரியிடமும் அதே அளவுக்கு இருக்கின்றன. அவளுடைய மயிரில் அகூட்டி வேலை செய்யாததால் அவள் எவ்வளவு நல்ல சிவப்பைத் தாங்கியிருக்கிறாள் என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. தரம் அறிந்த ஒரே சிவப்பு ஆணோடு அவளையும் அவளுடைய சகோதரிகளையும் சேர்த்து, பிறக்கும் சிவப்புக் குட்டிகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டால் மட்டுமே எவள் வழியில் நிறம் ஆழ்கிறது என்று தெரியும். நடுவர் மேசைக்கு ஒருபோதும் போகாத இந்தச் சாக்லேட் பெண்களைப் பற்றித்தான் என் குறிப்பேட்டில் மிகுதியாக எழுதி வைத்திருக்கிறேன். சிவப்புக் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும் வளர்ப்பாளர், தம் வழியின் பாதி அறிவை இழக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

சாக்லேட் பெண்ணால் இன்னொரு பயனும் உண்டு. உடலெங்கும் சுரக்கும் அகூட்டி, மூளையில் பசியை அடக்கும் மெலனோகார்ட்டின் ஏற்பியையும் தடுத்துவிடுவதால், சிவப்புச் சுண்டெலிகள் வயது ஏற ஏறப் பருத்துப் போகின்றன. பருத்த பெண் கருத்தரிப்பது குறைந்துகொண்டே வரும். உணவைக் கட்டுப்படுத்தினாலும் இந்தப் போக்கை முற்றிலும் நிறுத்த முடிவதில்லை. ஆகவே சிவப்புப் பெண்ணிடமிருந்து குட்டிகள் வேண்டுமானால் இளமையிலேயே சேர்த்துவிட வேண்டும். சாக்லேட் பெண்ணுக்கு இந்த நெருக்கடி இல்லை; முதல் ஈற்றின் குட்டிகள் வளர்ந்து மயிர் மாற்றி நிறம் நிலைபெறும் வரை காத்திருந்து, அவற்றைப் பார்த்த பிறகே அவளை மறுபடி எந்த ஆணோடு சேர்ப்பது என்று முடிவு செய்யலாம்.