2.71 சிஜிபிஏவும் நிதிப் பொறியியலும்: பிரிக்ஃபீல்ட்ஸ் நாட்குறிப்பு

9 மார்ச் 2025

பட்டப்படிப்பில் என் சிஜிபிஏ, அதாவது ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி, 4க்கு 2.71. இனி அது மாறப்போவதில்லை. இன்று மதிப்பெண் பட்டியலை விரித்துவைத்துப் பாடம் பாடமாகப் பார்த்தேன். அப்பாவுக்கு வேலை போன இரண்டாம் ஆண்டில், இரவு வேலைக்குப் போய்க்கொண்டே எழுதிய நிகழ்தகவில் ‘சி’. நேரியல் இயற்கணிதத்திலும் அதுவே. கடைசி ஆண்டின் எண்ணியல் பகுப்பாய்வில் ‘ஏ’.

கார்னகி மெலன், பாரூக், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என எங்கே பார்த்தாலும், நான் விண்ணப்பிக்க நினைக்கும் நிதிப் பொறியியல் முதுகலைக்கு (நிதிச் சந்தையின் விலையையும் ஆபத்தையும் கணிதத்தால் அளக்கும் படிப்பு) நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நிரலாக்கம் இவைதான் அடிப்படை. சந்தையியலில் ‘சி’ வாங்கியிருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நான் வாங்கியிருப்பது நிகழ்தகவில்.

16 மார்ச்

எண்ணியல் பகுப்பாய்வு நடத்திய சாரைச் செந்தூலில் அவர் வீட்டில் பார்த்தேன். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“நிகழ்தகவில் குறை என்றால் நிகழ்தகவிலேயே பதில் சொல்லம்மா. விண்ணப்பக் கட்டுரையில் கஷ்டங்களை அடுக்காதே” என்றார்.

காப்பீட்டு ஆபத்தைக் கணிக்கும் வல்லுநர்களான ஆக்சுவரிகளின் அமெரிக்கச் சங்கம் நடத்தும் ‘பி’ தேர்வை எழுதச் சொன்னார். முழுக்க நிகழ்தகவு, 3 மணி நேரம், 30 கேள்விகள். கோலாலம்பூரிலேயே எழுதலாம். பரிந்துரைக் கடிதம் தருவீர்களா என்று கேட்டேன். “முதலில் எதையாவது செய்து காட்டு” என்றார். நியாயம்தான். என் கணக்கைப் பார்த்தே இராத மேலதிகாரியின் கடிதத்தைவிட இவருடைய ஒரு பத்தி எனக்குப் பெரிது.

27 ஜூலை

‘பி’ தேர்வில் தேறிவிட்டேன்! அம்மா கந்தசுவாமி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

நேரியல் இயற்கணிதத்துக்கு எம்ஐடி இலவசமாக வைத்திருக்கும் கில்பர்ட் ஸ்ட்ராங் விரிவுரைகளைப் பார்த்துவருகிறேன். அருமையான ஆசிரியர். ஆனால் காணொளி பார்த்ததற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. அதனால் தேர்வோடு கூடிய இணைய வகுப்பு ஒன்றிலும் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறேன்.

31 ஆகஸ்ட்

மலேசிய விடுதலை நாளான மெர்டேக்கா விடுமுறை முழுவதும் ரிங்கிட்டோடுதான். 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.88 வரை சரிந்த நாணயம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதன் மாற்று விலையை 3.80 என்று கட்டிவைத்தார்கள். சீனா யுவானைத் தளர்த்திய அதே நாளில், 2005 ஜூலை 21 அன்று, நாமும் அவிழ்த்துவிட்டோம். பைதானில் வரைபடம் போட்டால் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் ஒரே நேர்கோடு.

2004ஆம் ஆண்டின் தரவை மட்டும் வைத்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய பூஜ்யம் வருகிறது. அதை, ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கு விலை கணிக்கும் 1973ஆம் ஆண்டின் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால், 3.80ஐ விட்டு ரிங்கிட் நன்றாக விலகினால் மட்டுமே பணம் தரும் ஒப்பந்தத்துக்கு விலையே இல்லை என்கிறது. ஆபத்து அப்போதும் இருந்தது, தரவில்தான் தெரியவில்லை. அரசு ஒருநாள் கட்டை அவிழ்க்கும் சாத்தியத்தையும் மாதிரியில் சேர்த்துத் திரும்ப எழுதினேன். சாருக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தத் துறைக்குள் ஏன் போக வேண்டும் என்பது இதைச் செய்தபோதுதான் எனக்கே துலங்கியது.

26 அக்டோபர்

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ முடிந்தது. கணிதப் பகுதியில் 47 நிமிடங்களில் 27 கேள்விகள். 170க்கு 168. மகிழ்ச்சிதான், ஆனால் அதில் இருப்பது பள்ளிக் கணக்கு. ‘சி’க்கு அது மட்டும் பதிலாகாது.

சார் கடிதம் தருகிறார்.

30 நவம்பர்

விண்ணப்பத்துக்கான நோக்கக் கட்டுரை முடிந்தது. இரண்டாம் ஆண்டைப் பற்றி இரண்டே வாக்கியங்கள். மீதியெல்லாம் ரிங்கிட்.

8 பிப்ரவரி 2026

பல்கலைக்கழக நேர்காணல். நலம் விசாரித்த கையோடு கணக்குக்கு வந்துவிட்டார்கள். தற்செயலாக அலையும் விலைக்கு மாதிரியான பிரௌனியன் நகர்வும், சராசரியில் ஏறாமல் இறங்காமல் நிற்கும் மார்ட்டிங்கேலும்தான்.

“பிரௌனியன் நகர்வின் வர்க்கத்துக்குச் சராசரி என்ன?”

“தொடக்கத்திலிருந்து ஆகியிருக்கும் காலத்தின் அளவு.”

“அந்த வர்க்கத்திலிருந்து எதைக் கழித்தால் மார்ட்டிங்கேல் கிடைக்கும்?”

“அதே காலத்தை.”

ஏன் என்று நிறுவச் சொன்னார்கள். தாளில் எழுதிக் கேமராவுக்குக் காட்டினேன். இரண்டாம் ஆண்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. நடந்ததைச் சொன்னேன், தலையசைத்துவிட்டு உடனே ரிங்கிட் மாதிரிக்குப் போய்விட்டார்கள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். இடம் கிடைக்காவிட்டாலும் இன்னொரு முறை விண்ணப்பிப்பேன், அவ்வளவு பிடித்திருந்தது.

15 மார்ச்

இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா கடிதத்தை வாங்கிக் கட்டணப் பகுதியைத்தான் முதலில் படித்தார். கடன் விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களைத் திங்கட்கிழமை தானே எடுத்துவருவதாகச் சொன்னார். சாரை அழைத்தேன். “வகுப்பு ஆகஸ்டில்தானே? அதற்குள் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை முடித்துவிடு” என்றார். இன்றிரவே ஆரம்பிக்கிறேன்.