ஓட்டுச் சில்லை விட்டுவிட்டு ரிவெட்டைப் பாருங்கள்

இடிபாட்டிலிருந்து எடுத்த உலோகத் துண்டைப் படம்பிடித்து யாராவது போட்டால், அடுத்த நிமிடமே "இது இன்ன குண்டு" என்று தீர்ப்பு எழுத ஒரு கூட்டம் இருக்கிறது. நானும் அப்படி எழுதி மூக்குடைபட்டவன்தான். தடித்து, வளைந்து, ஓரம் கிழிந்த ஒரு இரும்புச் சில்லைப் பார்த்து ஜேடாம் (சாதாரணக் குண்டில் மாட்டும் ஜிபிஎஸ் வழிகாட்டும் கருவி) என்று அடித்துச் சொன்னேன். கடைசியில் அது வெறும் குண்டின் ஓடு. மார்க் 84 என்ற 2000 பவுண்டு குண்டுக்கு வழிகாட்டும் கருவி மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஓடு அதே ஓடுதான், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

தேட வேண்டியது மேலே மாட்டிய சாமான்களை. ஜேடாமில் ஜிபிஎஸ் உள்ள வால் பகுதியைப் பின்னால் பொருத்துவார்கள். நான்கு துடுப்பில் மூன்றுதான் அசையும், ஒன்று அசையாது. குண்டின் இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டியது போல நீளத் தகடுகளும் உண்டு. லேசர் ஒளியைப் பின்தொடர்ந்து போகும் பேவ்வே வகை வேறு: மூக்கில் லேசர் கண், அதை ஒட்டிச் சின்னத் துடுப்புகள், பின்னால் சிறகுகள். சரி, லேசர் கண் கிடைத்துவிட்டால் பேவ்வேதானே என்றால், அதுவும் இல்லை. ஜி.பி.யூ-54 என்பது லேசர் கண் வைத்த ஜேடாம்!

2023 அக்டோபரில் காஸாவின் டெய்ர் அல்-பலாஹ்வில் 43 பேர் இறந்த இரண்டு தாக்குதல்களை ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தபோது கைகொடுத்தது அந்த இடுப்புத் தகடுகள்தான். ரிவெட்களையும் கச்சை போன்ற அமைப்பையும் வைத்தே, குண்டைச் சுற்றி மாட்டும் சட்டகம் என்று பிடித்துவிட்டார்கள். இரண்டு இடத்துத் தகடுகளிலும் 70P862352 என்ற ஒரே எண் குத்தியிருந்தது, போயிங்கின் ஜேடாமோடு சேர்ந்த எண் அது.

இந்த மாதிரித் தகடுகளில் எழுத்தும் எண்ணும் கலந்து ஐந்து இடங்களில் ஒரு கேஜ் (CAGE) குறியீடும், அதாவது செய்து கொடுத்த நிறுவனத்தின் அடையாள எண்ணும், இருக்கலாம். அதைத் தேடினால் பாகத்தைச் செய்த நிறுவனம் வரும். ஆனால் அது குண்டைச் செய்த நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு மோட்டாரையோ வால்வையோ மட்டும் செய்து கொடுத்த கம்பெனியாகவும் இருக்கலாம். யார் போட்டார்கள் என்பதையோ அந்தத் துண்டு அங்கேயேதான் விழுந்ததா என்பதையோ எந்த எண்ணும் சொல்லாது; அதற்குப் பள்ளம், சாட்சிகள், கிடந்த இடத்திலேயே எடுத்த படம் எல்லாம் வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் யாராவது படம் அனுப்பினால் நான் முதலில் கேட்பது, துண்டின் மறுபக்கப் படம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்றுதான். நீங்களே போய்ப் புரட்டிப் பார்க்காதீர்கள், குண்டை வெடிக்க வைக்கும் ஃப்யூஸ் ஒன்று வெடிக்காமல் பக்கத்திலேயே கிடக்கலாம்.