பெயிண்டின் மேல் முறுக்கிய நட்டு

வடசென்னையில் டிரெய்லர் என்று சொன்னாலே எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் துறைமுக வாசலை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் வண்டிகள்தான் கண்முன் வரும். அவற்றில் முன்வண்டியையும் பின்வண்டியையும் பிணைப்பது 2 அங்குல விட்டமுள்ள கிங்பின். நான் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்ப்பதோ அந்தப் பெரிய வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாகப் போகும் சின்ன டிரெய்லர்களோடு. மாதவரத்தில் எங்கள் கொட்டகையிலிருந்து டீசல் பம்பும் ஜெனரேட்டரும் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லர்கள் வாடகைக்குப் போகும். டிராக்டர் இழுப்பவற்றுக்குக் கொக்கியும் பின்னும் போதும். பிக்கப் வண்டி இழுப்பவற்றுக்கு உருண்டைத் தலை கொண்ட ஹிட்ச் பால் வேண்டும். கொட்டகையில் அதைக் குண்டு என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த வாரத்தில் எங்களிடம் இருந்த பம்புகளில் ஒன்றுகூடக் கொட்டகையில் நிற்கவில்லை. பத்து நாட்களுக்கு முன்புதான் ஒரு பிக்கப்பின் பின்னால் குண்டைத் தாங்கும் இழுவைச் சட்டத்தைப் புதிதாக அடித்து வாங்கியிருந்தோம். அடித்துக் கொடுத்த பட்டறைக்காரர் துருவுக்குப் பயந்து ப்ரைமரும் அதன்மேல் இரண்டு கை கறுப்புப் பெயிண்டும் அடித்து, பார்ப்பதற்கே அழகாக அனுப்பியிருந்தார். எண்ணூர்க் கடற்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் இரும்பு பொரிந்துபோவதைப் பார்த்தவர்கள் நாங்கள் என்பதால், அந்தப் பெயிண்டைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். குண்டை மாட்டி, நட்டின் மேல் ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் செருகி, எங்கள் மேஸ்திரி தன் வழக்கப்படி மூன்று முறை எம்பி இழுத்தார். இனி யானை இழுத்தாலும் அசையாது என்றார். நானும் நம்பினேன்.

வியாசர்பாடியில் நான்கு நாள் தண்ணீர் இறைத்துவிட்டு அந்தப் பம்பு திரும்பியபோது நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூலக்கடை தாண்டும்போது, "அண்ணே, பின்னால என்னமோ டகடகன்னு அடிக்குது" என்றார். சங்கிலியாக இருக்கும் என்றேன். சங்கிலி அப்படி அடிக்காது என்று சொல்லி வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. குண்டைக் கையால் பிடித்து ஆட்டினால், ஆடும் பல்லைப் போல முன்னும் பின்னும் சாய்ந்தது. நட்டு மூன்று மரை கீழே இறங்கியிருந்தது. ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையை அந்த நட்டை நம்பித்தான் மேடு பள்ளங்களில் இழுத்து வந்திருக்கிறோம். குண்டு கழன்றிருந்தால், குண்டைக் கவ்வும் டிரெய்லரின் முன்முனையான கப்ளரின் மூக்கு தரையில் குத்தாமல் தாங்கிப் பிடிக்க, குறுக்காக மாட்டிய இரண்டு சங்கிலிகள் மட்டுமே மிச்சம்.

கொட்டகைக்கு வந்து கழற்றிப் பார்த்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நட்டும் வாஷரும் நல்ல நிலையில் இருந்தன, குண்டின் அடியிலிருந்து சட்டத்தின் துளை வழியே இறங்கும் தண்டின் மரையில் சிறு காயம்கூட இல்லை. வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒரு வளையமாக நசுங்கி, விளிம்பில் அப்பளத் துண்டுகளைப் போலப் பொருக்குப் பொருக்காகப் பிதுங்கி நின்றது. விரல் நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. மேல் பக்கத்தில் குண்டின் அடித்தட்டு பதிந்த இடத்திலும் அதே வளையம். இரும்பை இரும்பு பிடித்திருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் நடுவில் பெயிண்ட் படுத்திருந்தது.

நட்டு இறுகி நிற்பது எதனால் என்ற கேள்வியை அன்றுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. முறுக்கினால் இறுகும், அவ்வளவுதான் என்றிருந்தேன். உண்மையில் முறுக்க முறுக்க அந்தத் தண்டு ரப்பர் போலக் கொஞ்சம் நீள்கிறது, சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புத்தான் குண்டையும் சட்டத்தையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது. 1 அங்குலத் தண்டுள்ள குண்டுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் முறுக்கு சுமார் 340 நியூட்டன் மீட்டர், அதாவது 250 அடி-பவுண்ட். அதில் பெரும்பகுதியை நட்டின் அடியிலும் மரையிலும் ஏற்படும் உராய்வே தின்றுவிடுகிறது. தண்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கே ஆறேழு டன் நெருக்குதலைக் கொடுத்துவிடும் என்பது வியப்புத்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கணக்கு. சட்டத்தின் கனம் சுமார் 25 மில்லிமீட்டர்தான் என்பதால், அவ்வளவு இறுக்கத்திலும் தண்டு நீள்வது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு அளவே. பெயிண்டோ, இரண்டு பக்கமும் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு கனம். ஓட்டத்தின் அதிர்வில் அந்தப் பெயிண்ட் கொஞ்சம் நசுங்கி வழிவிட்டாலே நீண்ட தண்டு சுருங்கிவிடும், ஆறேழு டன் நெருக்குதலும் இல்லாமல் போய்விடும். அதன் பிறகு நட்டு தானாகச் சுழன்று இறங்குவதற்கு மூலக்கடைச் சாலையின் பள்ளங்களே போதும்.

மேஸ்திரியின் பைப் முறையைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் கையில் வேலை கற்றவன் நான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரடி நீள ஸ்பேனரைக் கொண்டு 340 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டுமானால் அதன் நுனியில் ஏறத்தாழ 115 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும், எங்கள் கொட்டகையில் அவ்வளவு எடையுள்ளவர் எவருமில்லை. ஒரு மீட்டர் பைப் போட்டால் 35 கிலோ அழுத்தமே போதும். மேஸ்திரி எம்பி இழுத்தால் அதைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். குறைந்ததா, கூடியதா என்று கைக்குத் தெரியாது. அடுத்த மாதமே 38 மில்லிமீட்டர் சாக்கெட்டோடு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கினோம். முதலாளி விலையைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூலக்கடையில் என்ன நடந்தது என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இப்போது குண்டு மாட்டுவதற்கு முன் வாஷரும் அடித்தட்டும் உட்காரும் இடங்களில் பெயிண்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுகிறோம்; முறுக்கி முடித்த பிறகு வெளிவிளிம்பில் மட்டும் தூரிகையால் பெயிண்ட் தொட்டு வைக்கிறோம். மரைக்கு எண்ணெய் போடுவதில்லை. எண்ணெய் போட்டால் உராய்வு குறைந்து, ரென்ச் அதே எண்ணைக் காட்டும்போதே தண்டு அளவுக்கு மீறி நீண்டுவிடும் என்பதைப் புரிய வைப்பதற்குப் பையன்களிடம் நான் பட்ட பாடு தனிக்கதை. எண்ணெய் போடாத இரும்பு அவர்களுக்குக் குளிக்காத பிள்ளை மாதிரி. சட்டத்தின் துளை தண்டைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் அந்தச் சட்டமே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறோம். குண்டின் அளவிலும் ஒரு குழப்பம் உண்டு: 50 மில்லிமீட்டர் குண்டும் 2 அங்குலக் குண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர்தான். வெர்னியர் அளவுகோல் இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நான் இப்போது நம்புவதில்லை. 50 மில்லிமீட்டர் குண்டு 49 வரை தேய்ந்துவிட்டால் அதைப் பழைய இரும்புக் கூடையில் போட்டுவிடுவோம்.

இவ்வளவு செய்தும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை ரென்ச் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த இரும்புகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார அந்த ஓட்டம் தேவைப்படுகிறது. அதற்கு அடையாளமாக நட்டிலிருந்து சட்டம்வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுகிறோம். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று எவரும் குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம். ஓட்டுநர்களுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. திருவொற்றியூர் தேரடியில் டீக்கு நிறுத்தும்போது வண்டிக்குப் பின்னால் போய்க் குனிவதைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். போன மாதம் அதே ஓட்டுநர் அதே டீக்கடையிலிருந்து போனில் கூப்பிட்டு, "அண்ணே, கோடு ஒரு நகக்கண் அளவு விலகியிருக்கு, வண்டிய எடுக்கவா வேணாவா?" என்று கேட்டார். எடுக்க வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அங்கேயே இருங்கள் என்று சொல்லி, ரென்ச்சை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன்.