முதுகு காட்டிப் படுத்தால் அன்பு குறைந்துவிட்டதா?

கணவனும் மனைவியும் எந்த நிலையில் உறங்குகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் உறவுக்கு மதிப்பெண் போடும் படங்கள் கைப்பேசியில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் புதிதாக மணமானவர்கள் கலங்குவதைக் கண்டு வருந்தியே இதை எழுதுகிறேன்.

இவ்வகைக் கட்டுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, பிரிட்டனைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன், 2014-இல் எடின்பரோ அறிவியல் விழாவையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய கருத்துக்கணிப்பாகும். அதில் 42 விழுக்காட்டினர் முதுகோடு முதுகாக உறங்குவதாகச் சொன்னார்கள். முகம் பார்த்து உறங்குவோர் வெறும் 4 விழுக்காட்டினர்தாம். அப்படியிருக்க, பெருவழக்காக உள்ள ஒன்றைப் பிணக்கின் அடையாளம் என்பது எவ்வகையில் நியாயம்? ஒருவரையொருவர் தொட்டபடி உறங்குவோரில் 94 விழுக்காட்டினர் தம் உறவில் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறியதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தொடாமல் உறங்குவோரிலும் 68 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினார்கள் என்பதையும், தொடுவதால் மகிழ்ச்சி வந்ததா அல்லது மகிழ்ச்சியாக இருப்பதால் தொடுகிறார்களா என்பதை அந்தக் கணிப்பைக் கொண்டு சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

உடலுக்கென்று தனிக் காரணங்கள் இருக்கின்றன. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இடப்பக்கம் சாய்ந்தால் இதமாக இருக்கும். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாந்து படுக்க வேண்டாம் என்பார்கள். தோள் வலிக்காரர் வலியில்லாத பக்கமே திரும்புவார். நம் வீடுகளில் பெரும்பாலும் நடுவில் ஒரு குழந்தை கிடக்கும், சித்திரை வெக்கையிலோ மின்விசிறிக் காற்று வரும் திசையே படுக்கையைத் தீர்மானிக்கும். தவிர, தூக்கத்தில் நாம் அறியாமலே பலமுறை புரள்கிறோம். கண்ணயரும்போது இருந்த நிலை விடியும்வரை நீடிப்பதில்லை.

நான் பொருட்படுத்துவது மாற்றத்தை மட்டுமே. ஆண்டுக்கணக்காக அணைத்துறங்கியவர் திடீரென விலகிப் படுத்தால், மனத்தாங்கலா, உடல்நோவா என்று பகலில், சினமின்றி, நேரில் கேட்டுவிடுவது நல்லது. குறட்டை பலருக்கு மல்லாந்து படுக்கும்போது மிகும். ஆகவே மனைவியின் தூக்கம் கெடக்கூடாதென்றே மறுபக்கம் திரும்பிக்கொள்ளும் கணவர்களும் உண்டு. அந்தக் குறட்டையின் இடையே மூச்சு நின்று நின்று வந்தால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். உறங்குபவருக்கே தெரியாத அதைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் அருகில் படுத்திருப்பவரே என்பதால், தாமதிக்காமல் குறட்டை விடுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.