கண் அயரும் நேரத்து மூச்சு

மண்டபம் பக்கத்துக் கடலோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். பிரசவ வலியும் விஷக்கடியும் எந்நேரமும் வரும். "கண்ண மூடுனா மூச்சு நிக்குது சிஸ்டர்" என்று வருகிறவர்கள் மட்டும் ஊர் அடங்கிய பிறகுதான் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளிலும், எல்லைப் பக்கம் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி ஓடும் நாளிலும் இன்னும் சிலர் கூடுவார்கள். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளுக்கு விசைப்படகு கிடையாது. அப்போது ஆண்களும் வருவார்கள், கடன் கவலையோடு.

மனசுதான் காரணம் என்று முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். அது இதயக் கோளாறாக இருக்கலாம். இழைப்புச் சத்தம் கேட்டால் ஆஸ்துமா. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் இ.சி.ஜி., உடனே டாக்டர், தேவைப்பட்டால் 108.

இதெல்லாம் இல்லை என்றான பின்னும் பலர் மிஞ்சுவார்கள். விரலில் மாட்டும் மெஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் 98, 99 சதவீதம் என்று காட்டும். அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அப்படி வந்த ஒருவர் பாசி எடுக்கிறவர். தீவுகளைச் சுற்றிக் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, சிலிண்டர் எதுவும் இல்லாமல் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர். "கடலுக்குள்ள நானா மூச்ச அடக்குறேன், பயமே இல்ல. பாயில படுத்தா ஏன் இப்புடி?" என்று அவரே கேட்டார். என்னால் அதைவிடச் சரியாகக் கேட்டிருக்க முடியாது.

முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவீர்களா என்றேன். "மாட்டோம், மயக்கம் வந்துரும்" என்றார். வேகமாக மூச்சு விட்டால் உடம்பிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். மூச்சு விடச் சொல்லி உடம்பை உந்துவது பெரும்பாலும் அதுதான். பதற்றத்தில் சாயங்காலம் முழுக்கப் பெருமூச்சு விடுகிறவருக்கும் அது குறைகிறது. உதடும் விரலும் மதமதக்கும். விழித்திருக்கும்வரை மூச்சு எப்படியோ ஓடிவிடும். கண் அயரும்போது பொறுப்பு அந்த வாயுவின் அளவுக்குக் கைமாறுகிறது. அளவு போதவில்லை என்றால் சில நொடி மூச்சு தயங்கும், பிறகு தானே தொடரும். தூங்கத் தொடங்கும்போது இது நல்ல உடம்புக்காரருக்கும் நேர்வதுதான், அவருக்குத் தெரிவதில்லை. மூச்சையே காவல் காத்துப் படுத்திருப்பவர் மட்டும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார். அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக வாங்குவார், மறுபடியும் அதே கதை.

"அப்ப காத்து பத்தாம இல்ல, கூடிப்போச்சா?" என்று சிரித்தார்.

அதனால்தான் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்திலிருப்பவர் சொல்லும் யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. மூக்கால் சாதாரணமாக இழுத்து, மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ கெட்டிருந்தால் அது ஆபத்து. தூக்கம் வராவிட்டால் பாயில் போராடாமல் எழுந்து வலையின் கிழிசலைப் பார்க்கலாம், தாழ்ந்த குரலில் ரேடியோ கேட்கலாம். கவனம் மூச்சைவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. மது குடித்தால் தூக்கம் வரும் என்று நம்பும் ஆண்களுக்கு நடுராத்திரியில் விழிப்புதான் மிச்சம்.

பதற்றம் வாரக்கணக்கில் போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்பேன். முகம் மாறிவிடும். இந்த மாவட்டத்தில் மனசு என்றதும் நினைவுக்கு வருவது ஏர்வாடி. அங்கே ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் தீயில் மாட்டி, 28 பேர் செத்துப்போனார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு வருவதில் என்ன ஆச்சரியம்? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதித் தருகிறேன். எங்கேயும் போக வேண்டாம், காசு கிடையாது, வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம் என்று சொன்ன பிறகுதான் சீட்டை வாங்க முன்வருகிறார்கள்.