குண்டுக்கு எட்டாத கோப்புகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் விற்கும் பொருள்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அழுத்த உணரி உண்டு. சில்லுத் தொழிற்சாலைகளின் வெற்றிட அறைகளுக்கு அது அன்றாடத் தேவை. யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவால் எளிதில் அரிக்கப்படாத உலோகக் கலவையில் அது செய்யப்பட்டிருப்பதால், அணுகுண்டுக்கும் பயன்படக்கூடிய அளவுக்கு யுரேனியத்தைச் செறிவூட்ட வல்ல மையவிலக்கு இயந்திரங்களுக்கும் பொருந்தும். ஆகவே, 2010ஆம் ஆண்டின் வியூக வர்த்தகச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்குபவர் யார், எந்தக் கூடத்தில் பொருத்தப் போகிறார் என்று துருவிக் கேட்பதுதான் என் தொழில்.

2025 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ யுரேனியச் செறிவூட்டு நிலையத்தைத் தாக்கின. மறுநாள் திங்கட்கிழமை, பக்கத்து மேசைத் தம்பி, "அண்ணே, அதான் குண்டு போட்டு முடிச்சிட்டாங்களே, இனி இந்த ஃபாரம்லாம் எதுக்கு?" என்றார். விளையாட்டாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. பலர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள்.

அந்தத் தாக்குதல்களுக்கு முன், 60 விழுக்காடு செறிவூட்டப்பட்ட யுரேனியம் சுமார் 440 கிலோ ஈரானிடம் இருப்பதாக அனைத்துலக அணுசக்தி நிறுவனம் கணக்கிட்டிருந்தது. மலைக்கடியில் உள்ள கூடத்தைக் குண்டு நொறுக்கலாம். கொள்கலன்களை முன்கூட்டியே அங்கிருந்து நகர்த்தினார்களா என்பதை அது சொல்லாது. சொல்லக்கூடிய ஆய்வாளர்களோ, தாக்குதலுக்குப் பின் ஈரான் ஒத்துழைப்பை நிறுத்திவைத்ததால், உள்ளே போக முடியாமல் நின்றார்கள். கட்டடத்தை இடித்ததற்கு விலையாகக் கணக்கேடு கைவிட்டுப் போனது என்றே எனக்குத் தோன்றியது.

ஈராக்கின் கதை இதைவிடத் தெளிவானது. பிரான்சிடமிருந்து வாங்கப்பட்டு, அனைத்துலகக் கண்காணிப்பின் கீழ் இருந்த ஒசிராக் அணு உலையை இஸ்ரேலிய விமானங்கள் 1981 ஜூன் 7 அன்று தகர்த்தன. அதன் பிறகு சதாம் உசேன் அரசு அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடவில்லை; கண்காணிப்பாளர்களின் பார்வைக்கு வெளியே, மின்காந்த முறையில் யுரேனியத்தைப் பிரிக்கும் பெரிய கூடங்களைக் கட்டியது. அவற்றின் முழு அளவு தெரியவந்தது 1991 வளைகுடாப் போரின் குண்டுவீச்சால் அல்ல. போருக்குப் பின் ஆய்வாளர்கள் நேரில் சென்று தோண்டித் துருவியதால்தான். சிரியாவில் 2007இல் தகர்க்கப்பட்ட உலை திரும்பக் கட்டப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒற்றைக் கட்டடம். ஈரானில் இருப்பது ஒரு தலைமுறையாகப் பயின்ற பொறியாளர்கள்.

என் மேசைக்கு வருபவை அளவில் மிகச் சிறியவை. ஒருமுறை வளைகுடாவில் உள்ள ஒரு வணிக நிறுவனம் அந்த அழுத்த உணரிகளைக் கேட்டது. கருவி சரியாக அளக்கிறது என்று காட்டும், வழக்கமாக வாடிக்கையாளர் முதலில் கேட்கும் அளவுத்திருத்தச் சான்றிதழைப் பற்றிப் பேச்சே இல்லை. கொடுத்த முகவரியைத் தேடினால் ஒரு சரக்கு முகவரின் கிடங்கு. இறுதிப் பயனரின் கையொப்பம் வேண்டும் என்றோம். ஆர்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குற்றமா, வெறும் சோம்பலா என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. இந்த வேலையின் எல்லையும் அதுதான்.

அந்த எல்லையை மலேசியா பட்டே அறிந்தது. 2003 அக்டோபரில் லிபியாவை நோக்கிச் சென்ற பிபிசி சைனா என்னும் கப்பல் இத்தாலிக்குத் திருப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டபோது, அதிலிருந்த மையவிலக்கு இயந்திரப் பாகங்கள் நம் ஷா ஆலமில் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்று எண்ணியே செய்ததாகத் தொழிற்சாலை விளக்கியது. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ. கியூ. கான் நடத்திய அணுக் கருவிக் கள்ளச்சந்தையின் ஒரு கண்ணி அது. அதற்காக லிபியாவின் மீது ஒரு குண்டும் விழவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லிபியத் தலைவர் கடாஃபி, நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின், அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

ஆனால் 2011இல் நேட்டோ நாடுகளின் விமானங்கள் லிபியாவைத் தாக்கின. அவ்வாண்டே கடாஃபியும் வீழ்ந்தார். தாக்குதல் தொடங்கிய சில நாள்களிலேயே வட கொரியா, லிபியாவை ஆயுதம் களையச் செய்ததே படையெடுப்புக்கான தந்திரம் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2006இலேயே அணுகுண்டைச் சோதித்துவிட்ட அந்த நாட்டிடம் இனி எந்த உறுதிமொழியை நீட்டினாலும், பேச வருபவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது லிபியாவைப் பற்றித்தான்.